தையல் மேசை மேல் ரவுட்டர்

சாமுண்டீஸ்வரிக்குப் பல்லியைக் கண்டு பயமில்லை, மின்சாரத்தைக் கண்டு பயமில்லை, மாமியாரைக் கண்டும், அவள் வாழ்க்கைப்பட்ட ஊரான சேக்காடு எதிர்பார்த்த அளவுக்குப் பயமில்லை. பின்னால் யாராவது நின்று பார்க்கும்போது தட்டச்சு செய்வதற்குத்தான் பயம். தனியாக இருந்தால் பத்து விரலும் ஓடும். தோளுக்குப் பின்னால் ஓர் ஆள் வந்துவிட்டால் சொந்தப் பெயரிலேயே இரண்டு எழுத்தை விழுங்கிவிடுவாள். இப்படிப்பட்டவள் பிழைப்புக்கு என்று தேர்ந்தெடுத்தது, பிறர் மேசைக்குப் போய், பிறர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பிறரே பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்க, அவர்களுடைய கணினியைச் சரிசெய்து கொடுக்கும் வேலை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடி போட்ட ஓர் அலுவலகத்தில் அந்த வேலையைப் பல வருஷமாகச் செய்துவந்தாள். ஆனால் அந்த அலுவலகத்தின் ஆள் இல்லை. ஓர் ஏஜென்சி அனுப்பிய ஒப்பந்த ஆள். கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடாகூட வேறு நிறம். இந்த மாத முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. அதே சமயம் அலுவலகத்தின் நெட்வொர்க் பிரிவில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், செய்முறைத் தேர்வு உண்டு, கோயம்புத்தூர் கிளையிலிருந்து ஸ்ரீகாந்த் என்பவர் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் நடத்துவார் என்று அறிவிப்பு வந்தது.

இடம் கிடைக்காவிட்டால் என்ன என்பது சாமுண்டிக்கு நன்றாகத் தெரியும். மாமியார் வேம்புலியம்மாள் அதை ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருந்தார். குடும்பத்தின் நெல்வயல் இருந்த இடத்தில்தான் இப்போது வீடு நிற்கிறது. கீழே இவர்கள், மேலே வாடகைக்கு இரண்டு போர்ஷன். நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிய காலம்போய், குடித்தனக்காரர்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற காலம். "இன்னாத்துக்கு பஸ்ல தொங்கிகினு போய் வர்ற? ஊட்டோட இருந்து மோட்டார் போட்டுகினு, வாடகக்காரங்கள பாத்துக்கோ" என்பது அவருடைய திட்டம். கணவன் பாபு, பாடியில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, நல்ல மனசு. வேலை போனால் போகட்டும், நானில்லையா என்றான். அவனைத் திருப்பித் திட்டவும் முடியாத ஆறுதல் அது. தினம் இரண்டு வேளை மோட்டார் ஸ்விட்சைத் தட்டுகிற உத்தியோகத்தில் அறுபது வயதுவரை தன்னைக் கற்பனைசெய்து பார்த்தாள் சாமுண்டி. மூச்சு முட்டியது.

ஆகவே பழைய கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய ரவுட்டர் ஒன்றும் ஸ்விட்ச் ஒன்றும் வாங்கிவந்தாள். ரவுட்டர் என்பது, வந்து ஒட்டிக்கொள்கிற ஒவ்வொரு கணினிக்கும் கைப்பேசிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, வெளியே போவதற்கு இதுதான் வாசல் என்று வழிகாட்டிவிடுகிற பெட்டி. ஸ்விட்ச், பல ஒயர்களைச் சொருகிக்கொள்ள வரிசையாக ஓட்டைகள் உள்ள பெட்டி. இரண்டும் இரும்பு, இரண்டும் கனம். கடைக்காரர் அவற்றை எடைக்குப் போட்டிருந்தால்தான் லாபம் என்று பாபு சொன்னான். படுக்கையறையில் பழைய தையல் மிஷினின் மேசைதான் காலியாக இருந்தது. அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன.

போட்டவுடன் எழுந்த விசிறிச் சத்தத்தில் வேம்புலியம்மாள், மருமகள் குக்கர் வைத்திருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தார். பெட்டியின் முதுகிலிருந்து சூடான காற்று வருவதைக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். மழை பிடித்துக்கொண்ட ஐப்பசியில், பாபுவின் ஈரமான யூனிபார்ம் சட்டை ரவுட்டருக்குப் பின்னால் நாற்காலி முதுகில் வந்து தொங்க ஆரம்பித்தது. கரண்ட் பில்லைப் பற்றிய முணுமுணுப்பும் அன்றோடு நின்றது.

அந்த ரவுட்டர் முன்பு எங்கோ மூடிப்போன ஒரு சீட்டுக் கம்பெனியில் இருந்திருக்கிறது. உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும், அனுமதியின்றி நுழைவோர் மீது வழக்குத் தொடரப்படும் என்று ஆங்கிலத்தில் கத்தும். அந்த அறிவிப்பை அழிக்க ஒரு வரி போதும். சாமுண்டி அழிக்கவில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இருந்தது. கம்பெனியே இல்லாத ஊரில் யார் கேட்பார்கள் என்றும் தெரியும். இருந்தும் தினமும் விடியற்காலையில், பாபு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனபின், அவள் தன் சொந்தப் பெட்டிக்குள் திருடியைப்போல் நுழைந்து பயிற்சி செய்தாள். கலைத்துவிட்டு முதலிலிருந்து செய்வாள். மறுபடி கலைப்பாள். தன் பெட்டி கொடுக்கும் எண்களில் எழுபத்தேழு இருக்கும்படி வைத்துக்கொண்டாள். அது அவள் தினமும் ஏறும் பஸ்ஸின் எண், மறக்காது.

வீட்டில் இண்டர்நெட் ஒன்றுதான். வாடகையில் நெட்டும் சேர்த்தி. கூடத்தில் இருக்கும் பிராட்பேண்ட் பெட்டியிலிருந்து மாடிப்படிக்குக் கீழே கரண்ட் மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்விட்சுக்கு ஒயர் போகும். அங்கிருந்து ஒவ்வொரு போர்ஷனின் வைஃபை பெட்டிக்கும் பிரியும். அந்த வேலையைச் செய்து கொடுத்ததே சாமுண்டிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தன் ரவுட்டர் வழியாக வெளியுலகுக்குப் போய்வரும் பயிற்சிக்காக, மாடிப்படிக்குக் கீழிருந்து ஓர் ஒயரைப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, கடைசியாக ஒருமுறை மாட்டிப் பார்த்தாள். எல்லாப் பச்சை விளக்கும் எரிந்தன. அணைக்கப் போனாள்.

"அத அணைக்காத, சட்ட இன்னும் காயல" என்றார் வேம்புலியம்மாள்.

சரி ஓடட்டும் என்று சமையலறைக்குப் போனாள்.

பத்து மணி தாண்டியதும் மேல் போர்ஷன் ஜெபா இறங்கிவந்தாள். திருநெல்வேலிப் பெண், ஐடியில் வேலை, சனிக்கிழமையும் வீட்டிலிருந்தே வேலை. "அக்கா, நெட்டு வரமாட்டேங்கு. பன்னெண்டு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு" என்றாள். சாமுண்டி தன் மடிக்கணினியைத் திறந்தாள். இணைப்பு இருக்கிறது என்று காட்டியது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. கையிலிருந்த கரண்டி ஏன் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை.

பிராட்பேண்ட் லைன் பார்க்கிற ராகேஷுக்குப் போன் போட்டாள். இங்கிருந்து சிக்னல் சுத்தமாக வருகிறது, ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றான் அவன். இதே வாக்கியத்தை அலுவலகத்தில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். கேட்பவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. கத்திவிட்டாள். பிறகு போனை வேம்புலியம்மாள் வாங்கிக்கொண்டார். மருமகள் கத்தியது அவருக்கு ஆரம்பப் பாடம் போலிருந்தது. மீதியை அவர் நடத்தினார்.

அணைத்துப் போட்டும் நெட் வரவில்லை. பாபுவுக்குப் போன் செய்ததில் கைப்பேசி நெட்டில் தேர்வை எழுதிவிடு என்றான். அந்த வீட்டில் கைப்பேசியில் பேசத்தான் முடியும், நெட் வருவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். வெளியே தூறல். ஒரு கையில் குடை, ஒரு கையில் மடிக்கணினி, மூன்றாவது கை தட்டச்சுக்கு. அதையும் யோசித்தாள். மோட்டார் ஸ்விட்ச் அந்தத் தொட்டிக்குக் கீழேதான் இருக்கிறது என்பதும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

ஜெபா அப்போதுதான் சாவகாசமாக இன்னொன்று சொன்னாள். மடிக்கணினியில்தான் வரவில்லையாம், அதே வைஃபை அவள் போனில் நேற்றிலிருந்து விட்டுப்போகாமல் வருகிறதாம்.

சாமுண்டி அப்படியே நின்றாள். லைன் போயிருந்தால் இரண்டும் போயிருக்க வேண்டும். ஜெபாவின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, அதற்கு என்ன எண் கிடைத்திருக்கிறது என்று பார்த்தாள். நடுவில் எழுபத்தேழு இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருத்தி தன் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது. தன் பயிற்சிப் பெட்டியின் எண், மாடி ஏறி, ஜெபாவின் மடியில்.

படுக்கையறைக்கு ஓடினாள். வீட்டு ஒயர் ரவுட்டரின் வெளிவாசலில் இருக்க வேண்டியது. காலையில் துடைத்து மாட்டும்போது பக்கத்திலிருந்த ஸ்விட்சின் ஓட்டையில் சொருகியிருக்கிறாள். மூடிப்போன சீட்டுக் கம்பெனியின் ரவுட்டர் காலையிலிருந்து, வீட்டில் யார் புதிதாக எண் கேட்டாலும் முந்திக்கொண்டு கொடுத்து, எங்கும் போகாத வாசலைக் கைகாட்டிக்கொண்டிருந்தது. பழைய எண்ணை வைத்திருந்தவர்கள் மட்டும் பிழைத்தார்கள். பின்னால் சட்டை நன்றாகக் காய்ந்திருந்தது.

ஒயரைப் பிடுங்கினாள். ஜெபாவின் மடிக்கணினியிலும் தன்னுடையதிலும் வைஃபையை அணைத்துப் போட்டாள், நெட் வந்தது. என்ன ஆயிற்று என்று ஜெபா கேட்டதற்கு, ஒரு ஒயர் சரியில்லை என்றாள். அது பொய்யில்லை. ராகேஷைத் திட்டியதற்கு என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் பதினொன்று ஆகிவிட்டது.

திரையில் ஸ்ரீகாந்த் ஒரு கறுப்புக் கட்டமாக வந்தார். உங்கள் கேமரா ஓடட்டும், என்னுடையது தேவையில்லை என்றது கட்டம். தோளுக்குப் பின்னால் ஆள் நிற்பதாவது பரவாயில்லை, திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். இது முகமே இல்லாமல் பார்த்தது. கோயம்புத்தூரில் இருக்கும் இரண்டு ரவுட்டர்களை இங்கிருந்தே ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டும்; அவ்வளவுதான் தேர்வு. கண்ணை மூடிக்கொண்டு தினமும் செய்த வேலை. சாமுண்டி முதல் வரியைத் தப்பாக அடித்தாள். அழித்தாள். அதே தப்பை அதே வேகத்தில் மறுபடி அடித்தாள். மூன்றாவது முறை சரியாக அடித்தாள், ஆனால் வேறு ரவுட்டரில்.

"அவசரமில்ல. மெதுவா செய்ங்க" என்றது கட்டம். அதற்கப்புறம் அவளுக்கு எந்த வரியுமே ஞாபகம் வரவில்லை. விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, யோசிப்பவள்போல் திரையைப் பார்த்தாள். யோசிக்கவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. படுக்கையறை மரக்கதவு மழைக்கு உப்பி, தாழ் விழாமல் பாதி திறந்தே இருந்ததால் கூடத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"ஆயா, போன்லயே இத்தினி திட்டு வாங்கிகினு என்னால ஊட்ல உக்கார முடியல. நானே வந்துட்டேன்" என்றான் ராகேஷ். "இந்தப் பொட்டியே வாணாம். கழட்டிட்டு வேற மாட்டித் தந்துடறேன். உன் வாய் அடங்கட்டும்."

"கழட்டு நைனா" என்றார் வேம்புலியம்மாள். "மொதல்ல அத கழட்டு."

அது கழன்றால் தேர்வும் கழன்றது. எழுந்துபோகவும் முடியாது, கேமரா பார்க்கிறது. சாமுண்டி நாற்காலியில் திரும்பி, வயல் இருந்த காலத்தில் அந்த வீட்டுப் பெண்கள் எப்படிக் கூப்பிட்டிருப்பார்களோ அப்படிக் கூப்பிட்டாள்.

"ராகேஷு, அத தொடாத. உன் லைன்ல ஒண்ணியும் இல்ல. தப்பு என்னுது. என் பழைய ரவுட்டர ஊட்டு லைன்ல மாத்தி சொருகிகினேன். அது எல்லாருக்கும் எண்ணு குடுத்து நெட்ட கெடுத்துகினு இருந்துச்சி. பிடுங்கிட்டேன். நீ கைய எடு."

முதலில் வாய் திறந்தது திரைதான்.

"சாமுண்டீஸ்வரி, மைக் ஆன்ல இருக்கு."

"தெரியும் சார்" என்றாள். தெரியாது.

கறுப்புக் கட்டம் மறைந்து ஒரு மனிதர் வந்தார். முன்பக்கம் முடி கொட்டிய, கையில் டீ டம்ளர் வைத்திருக்கும் சாதாரண மனிதர். எந்த ரவுட்டர் என்று கேட்டார். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"பின்னாடி அது என்ன?"

"வீட்டுக்காரர் சட்டை சார். காயப் போட்டிருக்கு."

அவர் திரைக்கு அருகே குனிந்து சட்டையைப் பார்த்தார். பிறகு, தப்பு உங்களுடையது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். ஜெபாவின் போன், மடிக்கணினி, எழுபத்தேழு என்று சொன்னாள். சொல்லும்போது நடுவில் தடுக்கவில்லை என்பதைச் சொல்லி முடித்தபிறகுதான் கவனித்தாள். அம்பத்தூர் அலுவலகத்தில் யாராவது இதையே செய்தால் என்ன செய்வீர்கள் என்றார் அடுத்து. எந்த ஓட்டையிலிருந்து எண் கொடுக்கலாம் என்று ஸ்விட்சுக்கே சொல்லிவைக்கலாம், மற்ற ஓட்டையிலிருந்து எவன் எண் கொடுத்தாலும் அது விழுங்கிவிடும் என்றாள். படித்திருந்தாள்.

"செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"உங்க ஸ்விட்ச்லயே இப்ப செய்ங்க. செஞ்சுட்டு, அந்த ஒயரை மறுபடி தப்பாவே சொருகுங்க."

தப்பாகப் போனால் வீட்டு நெட் மறுபடி போகும். இந்த இணைப்பும் எந்த நிமிஷமும் அறுந்துவிடும். மேலே ஜெபாவின் மீட்டிங்கும் போகும். அவளைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று பட்டது. கதவோரம் வேம்புலியம்மாளும், அவர் தோளுக்கு மேல் ராகேஷும் நின்றிருந்தார்கள். ராகேஷை மாடிக்கு அனுப்பி ஜெபாவை வரவழைத்தாள். காலையில் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மறுபடி நடக்கலாம் என்றும் சொன்னாள்.

"என் மீட்டிங் போயிருமாக்கா?"

"போனாலும் போகும்."

ஜெபா கொஞ்சம் கணக்குப் போட்டாள். "பரவாயில்ல, செய்யுங்க. அந்த மீட்டிங்குக்கு இதவிட நல்ல காரணம் கிடைக்காது."

செய்தாள். பின்னால் மூன்று பேர், முன்னால் ஒருவர். பயம் எங்கும் போகவில்லை. ஆனால் ஊரறிய மானம் போன இடத்தில் அது உட்கார நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நின்றது. ஒரு வரியை அரைகுறையாக விட்டாள், ஸ்விட்ச் மறுத்தது, திருத்தினாள். "இன்னா எழுதறா?" என்று வேம்புலியம்மாள் ராகேஷைக் கேட்டது காதில் விழுந்தது. எனக்கும் தெரியாது ஆயா என்று அவன் ரகசியமாகச் சொன்னதும் விழுந்தது. வீட்டு ஒயரை எடுத்தாள். எந்த ஓட்டை தப்பு என்பது இப்போது நன்றாகத் தெரிந்தது. சொருகினாள்.

ஜெபா மாடிக்கு ஓடி மடிக்கணினியின் வைஃபையை அணைத்துப் போட்டாள். ஸ்ரீகாந்தின் முகம் அப்படியே உறைந்து நின்றது. போச்சு என்று நினைத்தாள் சாமுண்டி. பிறகு அவர் டீயைக் குடித்தார். சும்மாதான் அசையாமல் இருந்திருக்கிறார்.

"வருதுக்கா" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. சற்று ஏமாற்றமான குரல்தான்.

நல்லது என்றார் ஸ்ரீகாந்த். ஆனால் கொடுத்த தேர்வை நீங்கள் முடிக்கவில்லை, அதையும் நான் எழுதத்தான் வேண்டும் என்றார். தகவல் வரும் என்று சொல்லி மறுபடி கறுப்பானார்.

தகவல் வருவதற்குள் ராகேஷ் சேக்காடு முழுக்க, வாடிக்கையாளர் வீடு ஒவ்வொன்றிலும், இந்தக் கதையைச் சொல்லி முடித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டபோது, அதெல்லாம் எதுக்குக்கா என்றான். கதையே போதும் என்பதுபோல். பாபு சட்டையைப் போட்டுக்கொண்டு, இதுதானா அது என்று கேட்டுச் சிரித்தான். சாமுண்டி சிரிக்கவில்லை. முடிக்காத தேர்வை இரவுபகலாக மனதில் முடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பாள், இறங்கியபின் பார்ப்பாள், சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அது கவிழ்ந்திருப்பதையே பார்ப்பாள். மோட்டார் போடப் போனால் ஸ்விட்சில் கை வைக்காமல் கொஞ்ச நேரம் நிற்பாள். தொட்டி காலியாகி ஜெபாவே ஒருநாள் வந்து கேட்டாள்.

மாதக் கடைசிக்குச் சற்று முன்னால் மின்னஞ்சல் வந்தது. இடம் அவளுக்குத்தான். அதில் நிபந்தனை ஒன்று இருந்தது: புதிதாகச் சேருபவர்கள் முதல் மூன்று மாதம் அலுவலகத்தின் எந்தக் கருவியையும் தொடக் கூடாது, மூத்தவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தொடுவதற்காகவே இத்தனை பாடுபட்டவளுக்கு, வேலை கிடைத்த வரியைவிட இந்த வரியில்தான் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே, மூன்று மாதம் முடிந்தபிறகு என்ன ஆகும் என்ற கவலையும் வந்தது.

வேம்புலியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"வேல கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சி அத்தே. ஆனா மூணு மாசத்துக்கு எதையும் தொடக் கூடாதாம்."

வேம்புலியம்மாள் கையை நிறுத்தி, மருமகளை நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக அந்தக் கம்பெனியின்மேல் அவருக்கு மரியாதை வந்ததுபோலிருந்தது.

"விவரமான ஆளுங்கதான்" என்றார்.